ஓசை கேட்டுப் பழுதறிதல்



சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார்கள். செவியைச் சற்றே சாய்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் பானை கூடைக்குப் போகும்; பொத்தென்று ஒலித்தால் குவியலுக்கே திரும்பும். கண்ணுக்குத் தென்படாத கீறலை அவர்கள் செவி கண்டுவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஒலியியல் கற்பித்த நானோ, என் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் சிறு மின்வாள் ஒன்று விநோதமாக ஓசையிடத் தொடங்கியபோது, அந்தத் தாய்மார்களின் பொறுமையில் பாதிகூட இல்லாமல் நடந்துகொண்டேன். அந்த நிகழ்ச்சியையே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஸ்க்ரோல் சா என்று பெயர். மெல்லிய பலகையில் பூவும் கொடியும் எழுத்தும் போன்ற வளைந்த உருவங்களை அறுத்தெடுக்க உதவுவது. இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற தேசப்பட வேலைக்காரர் 1760களில் பலகையில் ஒட்டிய தேசப்படத்தை நாடு நாடாக அறுத்து, பிள்ளைகள் மீண்டும் பொருத்தி விளையாடும்படி விற்றார். அவர் கையால் இழுத்த மெல்லிய வாளின் வேலையைத்தான் இன்று இவ்வியந்திரம் மின்சாரத்தால் செய்கிறது.

கிணற்று ஏற்றத்தின் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துலாக்கள். இரண்டும் நடுவில் அச்சில் தாங்கப்பட்டு ஏறி இறங்கும். அவற்றின் முன்முனைகளுக்கு இடையே சுமார் 5 அங்குல நீளமுள்ள, மெல்லிய பிளேடு ஒன்று செங்குத்தாகப் பிடிக்கப்பட்டிருக்கும். பின்முனைகளை ஒரு நீண்ட திருகாணி இணைக்கிறது. அதை முடுக்கினால் பின்முனைகள் நெருங்கும், முன்முனைகள் விலகும், பிளேடு தம்புராத் தந்திபோல் விறைக்கும். கீழ்த்துலாவை மோட்டார் ஆட்டுகிறது. மோட்டாரின் அச்சில் ஒரு தட்டு. தட்டின் மையத்திலிருந்து விலகி ஒரு முளை. அம்முளையிலிருந்து கீழ்த்துலாவுக்கு ஒரு சிறு கனெக்டிங் ராட். தட்டு சுழல, துலா ஏறி இறங்கும். என்னிடம் இருக்கும் இயந்திரத்தில் பிளேடு நிமிஷத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை மேலும் கீழும் போய்வரும்.

2023ஆம் ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளியின் பொருட்காட்சிக்காகத் தமிழ்நாட்டு வரைபடத்தைப் பிளைவுட்டில் மாவட்டம் மாவட்டமாக அறுத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தேன். 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது முதல் நமக்கு 38 மாவட்டங்கள் அல்லவா? முப்பத்தெட்டையும் நானே அறுத்துவிடுவதென்று எண்ணம். நீலகிரியின் எல்லையைச் சுற்றி வளைந்துகொண்டிருந்தபோது இயந்திரத்திலிருந்து ஒரு டகடகப்பு எழுந்தது. வாளை நிறுத்தினேன், ஓசை நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி வந்தது. பொருட்காட்சிக்கு இன்னும் பதினைந்து நாள்களே இருந்தன.

அன்று மாலை நான் செய்ததைக் கேளுங்கள். மோட்டாரின் பேரிங்தான் போய்விட்டது என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதிவிட்டு, மூடிகளைக் கழற்றினேன். கண்ணில் பட்ட திருகுகளையெல்லாம் முடுக்கினேன். எட்டிய மூட்டுகளிலெல்லாம் கிரீஸ் தடவினேன். பழைய பிளேடை எடுத்துப் புதியதைப் பூட்டினேன். இயந்திரத்தின் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றையும் இட்டேன். ஓட்டிப் பார்த்தால் டகடகப்பு இல்லை! பெருமிதத்தோடு கை கழுவிக்கொண்டு உணவுக்குச் சென்றேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் நான்கு மாறிகளை ஒரே வேளையில் மாற்றிவிட்டு, "ஐயா, விடை வந்துவிட்டது" என்று குறிப்பேட்டை நீட்டியிருந்தால், நான் அதில் சிவப்பு மையால் என்ன எழுதியிருப்பேன் என்பதை என்னிடம் படித்தவர்கள் நன்கு அறிவார்கள். ஓசை நின்றது உண்மை. எதனால் நின்றது? பிளேடாலா, திருகாலா, கிரீஸாலா, ரப்பராலா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே தெரியாமல் ஐந்து நாள் மகிழ்ச்சியோடு அறுத்தேன். ஆறாம் நாள் டகடகப்பு திரும்பி வந்தது. முன்னிலும் உரத்து வந்தது.

அப்போது உடனிருந்தவள் அப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். அறுத்த துண்டுகளுக்கு உப்புத்தாள் தேய்க்க மாலை வேளைகளில் வருவாள். மோட்டாரை மறுபடியும் பிரிக்க நான் திருப்புளியை எடுத்தபோது அவள், "சார், இது ஒரு சத்தம் இல்லையே. மூன்று சத்தம் சேர்ந்து கேட்கிறதே" என்றாள்.

நான் காதைத் தீட்டிக் கேட்டேன். உற்றுக் கேட்டபோது இரண்டு என்பது எனக்கும் விளங்கியது. ஒன்று, தகரப்பெட்டிக்குள் காசு குலுங்குவது போன்ற சலசலப்பு. மற்றொன்று, கதவை முட்டியால் தட்டுவது போன்ற அடி. "இரண்டுதான் அம்மா" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. திருப்புளியைக் கீழே வைத்தேன்.

அன்றிலிருந்து இருவரும் முறையாகத் தொடங்கினோம். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மாற்றியபின் ஓட்டிக் கேட்பது. கேட்டதைத் தாளில் எழுதுவது. கைவைக்கும் ஒவ்வொரு முறையும் விசையை அணைத்தால் போதாது, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று விதி செய்துகொண்டோம். இதை நீங்களும் விளையாட்டாக எண்ணலாகாது. முடுக்கிய பிளேடு முறிந்தால் மேல்துண்டு பிடியில் சிக்கியபடியே ஊசிபோல் துள்ளும். ஆதலின் ஓட்டும்போது இருவரும் கண்ணாடி அணிந்தோம். அவள் தன் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டாள்.

முதலில் பிளேடைப் பார்த்தோம். விலை குறைந்ததும், எளிதில் எட்டுவதும், அடிக்கடி கெடுவதும் அதுவே. விரலால் சுண்டினால் நன்கு விறைத்த பிளேடு உயர்ந்த சுரத்தில் 'டிங்' என்னும். தளர்ந்திருந்தால் மந்தமாக ஒலிக்கும். எங்கள் பிளேடு தெளிவாகவே பாடியது. மேல்பிடி, கீழ்ப்பிடி இரண்டும் உறுதி. ஆகவே பிளேடு குற்றமற்றது என்று எழுதினோம்.

அறுக்கும்போது பலகை துள்ளாதபடி அழுத்திப்பிடிக்க மேலிருந்து ஒரு சிறு கால் இறங்கியிருக்கும். பலகை வைக்காமல் ஓட்டிப்பார்க்கும் நேரத்தில் அதற்கு வேலையில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினோம். சலசலப்பு அடியோடு மறைந்தது! மீண்டும் பூட்டினோம், மீண்டும் வந்தது. இப்படி வரவும் போகவும் செய்து பார்ப்பது இன்றியமையாதது. போனது மட்டும் போதாது. பூட்டியதும் திரும்பி வந்தாலன்றோ காரணம் அதுவே என்று சொல்லலாம்? அந்தக் காலின் திருகு மரை தேய்ந்திருந்தது. வேறு திருகு இட்டோம். ஒரு சத்தம் கணக்கில் கழிந்தது.

அடுத்து, வேகத்தை மாற்றிக் கேட்டோம். இங்கே ஒரு வேடிக்கை. நடுத்தர வேகத்தில் அடியோசை மேசையே அதிரும்படி முழங்கியது. வேகத்தை இன்னும் கூட்டினால் முழக்கம் தணிந்தது. வேகம் கூடக் கூட ஓசையும் கூடவேண்டும் என்றுதானே எண்ணுவோம்? ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறு தள்ளலும் பெரும் வீச்சாகும். ஒவ்வாத தாளத்தில் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. என் மேசைக்கும் அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு. இயந்திரத்தின் அடி அதனோடு ஒத்த வேகத்தில் மேசை மத்தளமாகிவிடுகிறது. ஒத்ததிர்வு என்று பத்து முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்; என் மேசையில் அதை அன்றுதான் கேட்டேன். மேசையின் ஒரு கால் தரையில் படாமல் நின்றிருந்தது. ஒரு மரச்சில்லைச் செருகியதும் முழக்கம் பெரிதும் அடங்கிற்று. ஆனால் அது ஓசையைப் பெருக்கியதேயன்றிப் பிறப்பித்ததன்று. மெல்லிய அடி இன்னும் இருந்தது.

அடியை எண்ணவேண்டும் என்று தோன்றியது. சுற்று ஒன்றுக்கு எத்தனை அடி? ஒன்றா, இரண்டா? 1,600இல் ஓடும்போது பிளேடு நொடிக்கு 26 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. நொடிக்கு ஏறத்தாழ 20க்கு மேற்பட்ட அடிகளை நம் செவி தனித்தனியாகப் பிரிக்க இயலாமல் ஒரே முரலாகக் கொண்டுவிடும். எனவே 400க்கு இறக்கினோம். அப்போதும் நொடிக்கு ஏறத்தாழ ஏழு. என் விரல்கள் தடுமாறின. அந்தப் பெண்ணோ கைப்பேசியை எடுத்து, பிளேடின் மேல்பிடியைப் படம் பிடித்து, அதை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிக் காட்டினாள். ஓசையும் உடன் மெதுவாகிக் கனத்து ஒலித்தது. பிடி மெல்ல ஏறி உச்சியில் நின்று திரும்பும்போது ஒரு 'டொக்'. இறங்கி அடியில் திரும்பும்போது மற்றொரு 'டொக்'. சுற்றுக்கு இரண்டு!

இது ஏன் முக்கியம் என்றால், ஏதேனும் ஒன்று ஓரிடத்தில் இடித்தால், உதாரணமாகப் பிடி மேசைத்தட்டில் முட்டினால், சுற்றுக்கு ஓர் அடிதான் கேட்கும். மோட்டாரின் பேரிங் கெட்டிருந்தால் பெரும்பாலும் இடைவிடாத உறுமலாக இருக்கும். திசை மாறும் இரண்டு இடங்களிலும் அடி கேட்டால், எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். சரக்கு ரயில் புறப்படும் தருணத்தில் பெட்டிக்குப் பெட்டி இணைப்புகள் டங், டங், டங்கென்று இழுபடுவதைக் கேட்டிருப்பீர்கள். இணைப்பில் உள்ள இடைவெளி தீர்ந்து இழுப்பு பற்றும் ஓசை அது. மேலே தள்ளும் ராட் கீழே இழுக்கத் தொடங்கும் கணத்திலும், மறுபடி தள்ளத் தொடங்கும் கணத்திலும், மூட்டில் உள்ள நூலளவு இடைவெளி தீரும்போது அதேபோல் அடிக்கிறது. நான் பிரித்துக் கிரீஸ் தடவிய மோட்டார் பேரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எந்த மூட்டு? இயந்திரத்தில் மூட்டுகள் பல. பிளேடைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். இவ்வகை வாளில் அது கூடாது. பிளேடுதான் இரு துலாக்களையும் கட்டி வைப்பது, அது இல்லையேல் மேல்துலா கட்டவிழ்ந்து குதிக்கும் என்று தடுத்தேன். வேறு வழி ஒன்று மருத்துவர்களிடமிருந்து நினைவுக்கு வந்தது. வியன்னாவில் மருத்துவம் செய்த ஆவன்புருகர் என்பவர், நோயாளியின் மார்பைத் தட்டி, ஒலியின் வேறுபாட்டால் உள்ளிருக்கும் நோயை அறியும் முறையை 1761இல் வெளியிட்டார். அவர் சத்திரக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி மது எவ்வளவு உள்ளது என்று அறியும் வழக்கத்தைச் சிறுவயதில் கண்டவர் என்பார்கள். நம் பானைக்காரத் தாய்மார்களின் இனத்தவர்! பின்னர் 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர், தாள்களைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அடுத்து மரத்தால் குழல் செய்துகொண்டார். மரக்கட்டையின் ஒரு முனையை ஊசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவனுக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்ததாம். மரத்தின் நார் ஓடும் திசையில் ஒலி காற்றில் செல்வதைவிடப் பத்து மடங்கு வேகமாகச் செல்லக்கூடியது.

எங்களுக்கு அகப்பட்டது முழ நீளமுள்ள ஒரு தேக்குக் குச்சி. ஓடும் உறுப்புகளைத் தொடாமல், அசையாத உடற்பகுதிகளில் மட்டும் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் காதின் முன்னெலும்பில் வைத்துக் கேட்டேன். மோட்டாரின் கூட்டில் வைத்தபோது வண்டு முரல்வதுபோல் சீரான ஓசை, குற்றமில்லை. மேல்துலாவின் அச்சுத்தாங்கியில் வைத்தபோது அடி எங்கோ தொலைவில் கேட்டது. கீழ்த்துலாவின் பக்கம் இறங்க இறங்க, அடி காதுக்குள்ளேயே விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்த்துலாவை ஒரு கையிலும் கனெக்டிங் ராடை மறுகையிலும் பிடித்து அசைத்தேன். 'டிக்' என்று ஒரு சிறு ஆட்டம் விரலுக்கே தெரிந்தது. ராடின் முனையில் இருந்த புஷ் உள்ளுக்குள் தேய்ந்திருந்தது.

பேருந்து நிலையத்துக்கு அருகே லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் அதை எடுத்துச் சென்றேன். அவர் முளையைப் புஷ்ஷில் இட்டு, இரண்டு தடவை உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முட்டை மாதிரி தேஞ்சிருக்கு சார். நீங்க போட்ட கிரீஸுதான் அஞ்சு நாள் ஓட்டைய அடைச்சுக்கிட்டு நின்னுருக்கு" என்றார். என் முதல் நாள் வெற்றியின் மர்மம் அப்போது துலங்கியது. வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவாகியிருந்தது. கெட்டியான கிரீஸ் அந்த இடைவெளியில் மெத்தைபோல் கிடந்து அடியை விழுங்கியிருக்கிறது. மெத்தை பிதுங்கி வெளியேறியதும் அடி மறுபடி கேட்டிருக்கிறது. அறுத்த மரத்தூள் மூட்டில் படிந்து எண்ணெயை உறிஞ்சிவிடுவதால் தேய்வு விரைந்ததென்றும் அவர் சொன்னார். கன்மெட்டலில் புதிய புஷ் கடைந்து, அன்று மாலையே கொடுத்தார்.

அதைப் பூட்டி ஓட்டியபோது பின்கட்டு அமைதியாயிற்று. எனக்கு ஒரே மகிழ்ச்சி. அந்தப் பெண் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். "மூன்றாவது சத்தம் இன்னும் இருக்கிறது, சார்."

மாணவர்களே, இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் கற்பனை செய்கிறாள் என்றே எண்ணினேன். அறுபது வயது கடந்த தலைமையாசிரியனின் செவிக்குக் கேளாதது பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒரு கணம் மனம் சினந்தது. நானே பாடம் நடத்தியிருக்கிறேன்: இளஞ்செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும், வயது ஏற ஏற அந்த மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும், வலி இல்லை, அறிகுறி இல்லை, இழப்பவருக்கே இழப்பது தெரியாது. அந்த 'இழப்பவர்' நான்தான் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

தேக்குக் குச்சியை அவளிடம் கொடுத்தேன். எங்கெங்கே ஊன்றலாம், எங்கே கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு விலகி நின்றேன். கூந்தலைப் பின்னே முடிந்துகொண்டு அவள் ஒவ்வோரிடமாகக் கேட்டு வந்தாள். மேல்துலாவின் அச்சுத்தாங்கியில் வந்ததும் சட்டென்று நின்றாள். "இங்கேதான்." இயந்திரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினோம். கிரீஸ் தடவிய அன்று என் கை எட்டாமல் விட்டுப்போன மூட்டு அது ஒன்றே. தொட்டுப் பார்த்தால் துரு கலந்த செம்பொடி விரலில் ஒட்டியது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் சில சுற்றுச் சுற்றி எண்ணெயை உள்ளே ஏற்றினேன். பிறகு விசையைப் போட்டேன்.

எனக்கு எண்ணெய்க்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஆகவே இயந்திரத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். சுளிப்பு மறைந்து, புருவம் தளர்ந்து, அவள் சிரித்தாள். பழுது நீங்கியதை அப்படித்தான் அறிந்தேன்.

மீதமிருந்த மாவட்டங்களில் பாதியை அவளே அறுத்தாள். கன்னியாகுமரியைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "அந்த மூன்றாவது சத்தம் எப்படி இருந்தது, அம்மா?" என்று கேட்டேன்.

"நம் தோட்டத்துச் சில்வண்டு மாதிரி இருந்தது, சார்."

எங்கள் தோட்டத்தில் சில ஆண்டுகளாகச் சில்வண்டுகளே இல்லை என்றும், அண்டை வயல்களில் தெளிக்கும் மருந்தால் அவை ஒழிந்துபோயின என்றும் நான் வீட்டில் பலரிடம் வருந்திச் சொல்லியிருக்கிறேன். அதை அவளிடமும் சொன்னேன்.

அவள் உப்புத்தாளை நிறுத்திவிட்டு, சாளரத்துக்கு வெளியே இருட்டியிருந்த தோட்டத்தைப் பார்த்தாள். "இப்போதுகூடக் கத்திக்கொண்டுதானே இருக்கின்றன, சார்" என்றாள்.